தாள் வயலில் ஒரே ஓட்டம்: ரோட்டவேட்டருக்குப் பின்னால் உளுந்து விதைப்பான் கட்டிய பதிவு

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி வயலில் உளுந்து போடுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெல் அறுப்புக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே விதையை வீசிவிடுவார்கள். ஆள் இறங்கி அறுத்த காலத்துக்கு அது மிகச் சரியான முறை. இப்போது முளைத்து இரண்டு இலை விட்ட உளுந்தின் மேல் அறுவடை மிஷினின் பெல்ட் ஏறி இறங்குகிறது. தடம் விழுந்த இடமெல்லாம் போச்சு. மிஷின் பின்னால் கொட்டிய வைக்கோலுக்கு அடியில் மாட்டிய கன்று வெளுத்துச் சாகிறது.

சரி, அறுத்த பிறகு உழுது விதைக்கலாம் என்றால் ஈரம் காத்திருப்பதில்லை. கல்டிவேட்டர் ஒரு சால், ரோட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்திகளால் உழும் கருவி) இரண்டு சால், பிறகு விதைப்பு என்று மூன்று நாள் போனால் மேல்மண் சாம்பலாகிவிடும். மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் தேதி ஜனவரி 28. அதன்பின் வாய்க்காலை நம்பி விதைக்க முடியாது. போர் (ஆழ்துளைக் கிணறு) இல்லாத வயலில் மண்ணுக்குள் நிற்கிற ஈரத்தை வைத்தே 65 முதல் 75 நாள் பயிரை ஓட்டியாக வேண்டும். ஆகவே மண்ணைத் திறப்பதும், விதையை வைப்பதும், மூடி அழுத்துவதும் ஒரே ஓட்டத்தில் நடக்க வேண்டும். அதற்காக 6 அடி கனரக ரோட்டவேட்டர் ஒன்றின் பின்னால் ஆறு வரிசை விதைப்பான் கட்டி ஓட்டியதில் தெரிந்துகொண்டவை இவை. பஞ்சாபில் நெல் அறுத்த வயலில் கோதுமை விதைக்கிற சூப்பர் சீடரும் இதே குடும்பம்தான். ஆனால் டெல்டாக் களிமண்ணும் உளுந்து விதையும் கேட்கிற அமைப்பு வேறு.

அடிப்படை இயந்திரம்

50 முதல் 55 எச்.பி. டிராக்டர். ரோட்டவேட்டரின் வேலை அகலம் 1.75 மீட்டர், 42 எல் வடிவக் கத்திகள், அவற்றைப் பூட்டும் வட்டத் தகடுகள், அதாவது ஃபிளாஞ்ச், எட்டு. நடு ஆறு ஃபிளாஞ்சில் ஆறாறு கத்தி, ஓர ஃபிளாஞ்ச் இரண்டிலும் மும்மூன்று. கியர் மாற்றி ரோட்டரின் (கத்திகள் பூட்டிய சுழல் தண்டின்) வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கியர்பாக்ஸ் இருக்க வேண்டும். இது இல்லாத மாடலில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

கனரக மாடல் எதற்கு என்று கேட்பார்கள். ஒரே ஓட்டத்தில் தாளையும் (நெல் அறுத்த அடிக்கட்டை) அறுவடை மிஷினின் பெல்ட் தடத்தையும் வெட்டியாக வேண்டும். இலகுவான ரோட்டவேட்டர் இறுகிய தடத்தின் மேல் வந்ததும் துள்ளும். உழவு மட்டும் என்றால் அடுத்த சாலில் சரியாகிவிடும். விதையும் கூடவே விழுகிறது என்றால் அந்தத் துள்ளல் அப்படியே விதை ஆழத்தில் பதிவாகிவிடும். எடை தேவைப்படுவது ஆழமாக உழுவதற்கல்ல, சீராக உழுவதற்கு.

பின்னால் வரப்போகும் சட்டம், பெட்டி, உருளை, வட்டுகள் எல்லாம் சேர்ந்து 150 கிலோவுக்குக் குறையாது. அந்த எடை டிராக்டரிலிருந்து தள்ளி, கடைசியில் தொங்குகிறது. பெட்டியை நிரப்பி லிஃப்டை முழுதும் தூக்கியபடி வரப்பு ஏறிப் பாருங்கள். ஸ்டீயரிங் லேசாகிப் போனால் முன்னால் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டும். முன் அச்சில் டிராக்டர் எடையின் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் நிற்க வேண்டும்.

பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். ரோட்டவேட்டரின் வெட்டு அகலம் அதைவிடக் குறைந்தால் டயர் தடத்தின் ஓரம் வெட்டப்படாமல் நிற்கும். வீல் தடத்தைக் குறுக்கி வைத்து இதைச் சரிசெய்துவிடலாம்.

முதல் ஓட்டம்: ஆழமும் வேகமும் அதிகம்

ரோட்டவேட்டர் என்றாலே கை தானாக ஆழத்துக்குப் போகும். முதல் ஓட்டத்தில் உழவு ஆழம் 10 முதல் 12 செ.மீ. ரோட்டர் வேகமான கியரில். விதைக்குழாய்களை ரோட்டருக்கும் பின்பலகைக்கும் நடுவே இறக்கிவிட்டது. பறக்கிற மண் விதையை மூடிவிடும், மண்ணைப் பிளக்கும் கொழுவே தேவையில்லை என்பது எண்ணம். மேலே நின்று பார்க்கும்போது வயல் பஞ்சு மாதிரி அழகாக இருந்தது.

மண்வெட்டியால் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது விதைகள் மண் மேலேயும் கிடந்தன, 8 செ.மீ. ஆழத்திலும் கிடந்தன. ரோட்டர் எறிகிற மண்ணோடு விதையும் கலந்து எங்கு வேண்டுமானாலும் இறங்குகிறது. உளுந்துக்குச் சரியான ஆழம் 3 முதல் 4 செ.மீ. அதில் விழுந்தது பாதிகூட இல்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உள்ளே இருந்தது. 10 செ.மீ. மண்ணைப் பொடியாக்கினால் அது ஊதி 13, 14 செ.மீ. உயரும். நடுவில் 4 செ.மீ. ஆழத்தில் இருக்கும் விதைக்குக் கீழே இன்னும் 9 செ.மீ. தளர்ந்த மண். கீழிருக்கும் உறுதியான, ஈரமான மண்ணோடு விதைக்குத் தொடர்பே இல்லை. தளர்ந்த அடுக்கில் காற்றுப் புகுந்து இரண்டே நாளில் உலர்ந்துவிடுகிறது. அடியிலிருந்து ஈரம் ஏறிவர வழியும் அறுந்துவிடுகிறது. விதை ஊறத் தொடங்கி, பாதியில் காய்ந்து நின்றுவிடும். இப்படிச் செத்த விதையைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் தோல் சுருங்கி, முளை அரை செ.மீ. நீட்டி நின்றிருக்கும். இதைப் பார்த்து விதை மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மண்ணைத் திறந்த விதம்தான் மோசம்.

இங்கிருந்து கிடைத்த கணக்கு: உழவு ஆழம் = விதை ஆழம் + 2 அல்லது 3 செ.மீ. உளுந்துக்கு 6 முதல் 7 செ.மீ. போதும். கனமான இயந்திரத்தை மேலோட்டமாக ஓட்டுவது முதலில் மனதுக்கு ஒப்பாது. ஆனால் இந்த முறை நிற்பதும் விழுவதும் இந்த ஒன்றில்தான். கீழே கலையாத மண், அதன் மேல் விரலளவு தளர்ந்த மண், அதன் மேல் விதை, விதையின் மேல் லேசாக அழுத்திய மண். இந்த அடுக்கு கிடைத்தால் ஈரம் தானாக ஏறி வரும்.

கடி நீளம்

கத்தி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எவ்வளவு மண்ணைக் கடிக்கிறது என்பதை ஓட்டுநர் தெரிந்திருக்க வேண்டும். வண்டி ஒரு நிமிடத்தில் நகரும் தூரத்தைச் செ.மீ. கணக்கில் எடுத்து, ரோட்டர் சுற்றையும் 3-ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். ஏன் 3? ஒரு ஃபிளாஞ்சில் ஆறு கத்தி இருந்தாலும் ஒரு பக்கம் பார்த்து நிற்பவை மூன்றுதான்.

மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 5,000 செ.மீ. நகரும். ரோட்டர் 200 சுற்று என்றால் 5,000 ÷ 600, ஏறத்தாழ 8 செ.மீ. கடி. அதே வேகத்தில் 250 சுற்று என்றால் 6.7. வண்டியை 4.5 கி.மீ. வேகத்தில் விட்டால் 200 சுற்றில் 12.5 செ.மீ.; தாளின் வேர்க்கட்டை அப்படியே முழுசாகப் புரண்டு வரும், அதன் மேல் விதைப்பான் ஏறி இறங்கும். ஈரக் களியில் 7 முதல் 8 செ.மீ. கடி நன்றாக அமைந்தது.

பலர் தவறு செய்யும் இடம் இது: மண் பொடியாகிறது என்று ஆக்சிலேட்டரைக் குறைப்பார்கள். குறைத்தால் ரோட்டரும் மெதுவாகும், வண்டியும் அதே விகிதத்தில் மெதுவாகும். கடி மாறவே மாறாது. இழுவை குறைந்து எஞ்சின் திணறுவதுதான் மிச்சம். பி.டி.ஓ. (ரோட்டவேட்டரைச் சுற்றும் டிராக்டரின் பின்புறச் சுழல் தண்டு) 540 சுற்றில் நிற்கட்டும். மாற்ற வேண்டியது வண்டியின் கியரை, இல்லையென்றால் ரோட்டவேட்டர் கியர்பாக்ஸின் பல்சக்கரச் செட்டை. ரோட்டர் வேகத்தை மாற்றும் வசதி அவசியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பின்பலகையைப் பாதி தூக்கி வைக்க வேண்டும். முழுதும் இறக்கினால் கட்டிகள் பலகையில் மோதி மறுபடி ரோட்டருக்குள் போய் மாவாகின்றன. மாவான களிமண்ணில் ஒரு கோடை மழை விழுந்தால் மேலே ஓடு மாதிரி இறுகிப் பத்தை கட்டும்; உளுந்து முளை கழுத்து முறிந்து நிற்கும். கோலிக்குண்டு முதல் எலுமிச்சை வரையான கட்டிகள் இருப்பது நல்லது.

பின்பகுதி: உருளை, வட்டு, அழுத்து சக்கரம்

ரோட்டவேட்டரின் ஆழத்தைப் பக்கவாட்டுச் சறுக்குச் சட்டங்களை வைத்துத்தான் பொதுவாகக் கட்டுப்படுத்துவார்கள். காய்ந்த தரையில் அது போதும். அறுத்து சில நாளே ஆன டெல்டா வயலில் அந்தச் சட்டங்கள் புதைந்து, ஆழம் 7-லிருந்து 11-க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே பின்பலகைக்குப் பின்னால் முழு அகலத்துக்கும் ஒரு கூண்டு உருளை. கம்பிகளுக்கு இடையே வெளி இருப்பதால் ஈர மண் அப்பினாலும் உதிர்ந்துவிடும். முழுத் தகடு உருளை களிமண்ணில் அரை மணியில் ஒரு மண் தூணாகிவிடும். உருளை இரண்டு வேலை செய்கிறது: ரோட்டவேட்டரின் எடையைத் தாங்கி ஆழத்தைப் பிடித்து வைக்கிறது, ஊதிய மண்ணை அழுத்தி விதை அடுக்கைத் தயாராக்குகிறது. ஆழத்தைக் கூட்டிக் குறைக்க உருளைக் கையில் 2 செ.மீ. இடைவெளியில் துளைகள் போட்டு, அதில் ஓர் இரும்பு முளையை மாட்டினால் போதும்.

உருளைக்குப் பின்னால் 65 மி.மீ. சதுரக் குழாயில் கருவிச்சட்டம், அதில் யு போல்ட் வைத்து ஆறு விதைப்பான் கைகள். துளை போட்டு நிரந்தரமாகப் பூட்டாமல் யு போல்ட் வைத்தால் வரிசை இடைவெளியை மாற்றலாம். இது பின்னால் கைகொடுத்தது. உளுந்துக்குப் பரிந்துரை 30 செ.மீ. வரிசை. ஆறு வரிசைக்கு 1.80 மீட்டர். ஆனால் ரோட்டவேட்டர் வெட்டுவது 1.75 தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே 5 செ.மீ. தாள் வெட்டப்படாமல் நின்று மறுபடி துளிர்த்து மறுதாம்பு விட்டது. வரிசையை 28 செ.மீ. ஆக்கியதும் ஓட்ட அகலம் 1.68 மீட்டர், மேல்விழுவு (ஓர் ஓட்டத்தின் மேல் அடுத்த ஓட்டம் ஏறும் அகலம்) 7 செ.மீ. என்று எல்லாம் பொருந்தியது. உங்கள் ரோட்டவேட்டர் வேறு அளவென்றால் வேலை அகலத்திலிருந்து 5 முதல் 8 செ.மீ. கழித்து, வரிசை எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பிளந்து விதையைப் போட முதலில் மாட்டியது சாதாரணக் கொழு. விலை குறைவு, எந்தப் பட்டறையிலும் செய்யலாம். பத்து மீட்டருக்கு ஒரு முறை வைக்கோல் கொத்தைத் திரட்டி இழுத்தது. திரண்ட கொத்து கொழுவைத் தூக்கிவிட, விதை மண் மேல் கோடு போட்டது. கொழுக்களை முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் 40 செ.மீ. தள்ளி வைத்தால் அடைப்பு பாதியாகக் குறைகிறது, நிற்பதில்லை. முடிவில் இரட்டை வட்டு பிளப்பான்தான். இரண்டு வட்டுகள் முன்னால் ஒட்டி, பின்னால் சற்றே விரிந்து நிற்கும். வைக்கோல் மேல் உருண்டு போய்விடும், இழுக்காது. விதை இரண்டு வட்டுக்கும் நடுவே இறங்கும். ஒவ்வொரு கையிலும் தனித்தனி ஸ்பிரிங் வேண்டும். டயர் தடம் மற்ற இடத்தைவிட 3, 4 செ.மீ. தாழ்ந்திருக்கும், எல்லா வட்டும் ஒரே சட்டத்தில் இறுகி நின்றால் தடத்தின் மேல் வரும் வரிசைகளில் விதை மேலோட்டமாகப் போகும்.

தளர்ந்த மண்ணில் வட்டு தானாக மூழ்கும். அதைத் தடுப்பது பின்னால் வரும் அழுத்து சக்கரம். வட்டின் அடி விளிம்பு சக்கரத்தின் அடியைவிட 4 செ.மீ. கீழே இருக்குமாறு வைத்தால் விதை 3 முதல் 3.5 செ.மீ.-ல் நிற்கும். சக்கரத்தின் அழுத்தத்தைச் சோதிக்க எளிய வழி: ஓட்டிய வரிசை மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். முதல் கணு வரை இறங்கினால் சரி. விரல் முழுக்கப் போனால் அழுத்தம் போதாது. நகம் மட்டும் பதிந்தால் அழுத்தம் கூடிவிட்டது, முளை மேலே வராது.

விதை அளவு

பல் உருளை கொண்ட விதைப்பெட்டி போதும். உருளையின் திறப்பை மிகக் குறுக்கி வைத்தால் உளுந்து விட்டுவிட்டு விழும், நசுங்கவும் செய்யும். திறப்பை அகலமாக வைத்து, ஸ்ப்ராக்கெட்டை மாற்றி உருளையின் சுற்றைக் குறைப்பதே சரி. குழாயிலிருந்து நூறு விதை பிடித்து எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் உடைந்திருந்தால் அடி மூடியின் இடைவெளியைக் கூட்டுங்கள்.

உருளையைச் சுற்றுவது தரைச்சக்கரம். இதை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு பாடம். ஓரத்தில், உழாத தரையில் ஓடினால் பிடிப்பு நன்றாக இருக்குமென்று இடது பக்கம் மாட்டியது. போய் வந்து ஓட்டும்போது ஒரு ஓட்டத்தில் இடது பக்கம் உழாத தரை, திரும்பி வரும்போது அதே இடது பக்கம் உழுத தரை. ஒரு ஓட்டம் அடர்த்தி, அடுத்தது அடர்த்தி குறைவு என்று வயல் முழுக்கப் பட்டை விழுந்தது. கருவிச்சட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, எப்போதும் உழுத மண்ணிலேயே ஓடவிட்டால் சறுக்கல் இருந்தாலும் ஒரே அளவாக இருக்கும். ஒரே அளவான சறுக்கலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 4 செ.மீ. உயரப் பற்கள் பன்னிரண்டும், கீழே தள்ளும் ஸ்பிரிங்கும் அதற்குப் போதும்.

அளவு பார்க்கும் முறை:

சக்கரத்தில் பெயின்ட் அடையாளம் வைத்து, வயலில் உண்மையான வேலை ஆழத்திலும் வேகத்திலும் ஓட்டி, 20 சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்று டேப் பிடியுங்கள். 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்குக் காகிதக் கணக்கில் 25.1 மீட்டர். வயலில் 27.4 மீட்டர் வந்தது. வித்தியாசம் சறுக்கல். காகிதக் கணக்கை நம்பியிருந்தால் ஏக்கருக்கு 8 கிலோ போட நினைத்து 7.3 கிலோதான் போட்டிருப்போம்.

27.4 × 1.68 = 46 சதுர மீட்டர். ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 8 கிலோ வேண்டுமென்றால் இந்த 46 சதுர மீட்டருக்கு 91 கிராம். ஆறு குழாய்க்குப் பிரித்தால் ஒன்றுக்கு 15 கிராம். இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு பை கட்டி, சக்கரத்தைக் கையால் 20 முறை சுற்றி, தனித்தனியாக எடை போடுங்கள். நகைக்கடைத் தராசு தேவையில்லை, ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். குழாய்க்குக் குழாய் வித்தியாசம் ஒரு கிராமுக்குள் இருக்கட்டும். நூறு விதை நாலரை கிராம் எடையென்றால் இந்த அளவில் வரிசையில் மீட்டருக்கு 12 விதை விழும்.

இந்தச் சோதனையை நேர்த்தி செய்த விதையில்தான் செய்ய வேண்டும். ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களைக் கஞ்சியில் கலந்து பூசிய விதை, வெறும் விதையைவிட மெதுவாக இறங்கும். நிழலில் நன்றாக உலர்த்தாமல் கொட்டினால் பெட்டிக்குள் பாலம் கட்டி, மேலே விதை நிற்கும், கீழே உருளை வெறுமனே சுற்றும். பெட்டி நிறைந்திருக்கிறது என்று ஓட்டுநர் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார். உள்ளங்கையில் அள்ளி மூடித் திறந்தால் விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதற வேண்டும்.

டி.ஏ.பி. போடுபவர்கள் அதை விதையோடு ஒரே குழாயில் விடக்கூடாது. ஈரம் குறைந்த மண்ணில் உரத்தின் உப்பும் அமோனியாவும் முளையைக் கருக்கிவிடும். உரக் குழாய்களை ரோட்டருக்கு முன்னால் தாள் மேல் இறக்கிவிடுங்கள். ரோட்டரே 6 செ.மீ. மண்ணில் கலந்துவிடும். ஏக்கருக்கு 45 கிலோ. போர்த் தண்ணீர் இல்லாத வயலில் அடியுரத்தை விட்டு, பூக்கும் தருணத்திலும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

எந்த நாளில் இறங்குவது

6 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, நெஞ்சு உயரத்திலிருந்து போடுங்கள். சப்பையாகி அப்படியே ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். மூன்று, நான்கு துண்டாக உடைந்தால் அன்றே இறங்குங்கள். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் ஈரம் தப்பிவிட்டது. அந்த வயலுக்கு ஒரு தண்ணீர் விட்டுத்தான் விதைக்க வேண்டும், இந்த முறை அங்கே பயன்படாது. டெல்டாக் களியில் சரியான பதம் நிற்பது மூன்று, நான்கு நாள்தான். மடைப்பக்கம் எப்போதும் ஈரம் கூடுதல். மேட்டுப் பக்கம் தொடங்கி மடைப்பக்கம் முடியுங்கள்.

அதிக ஈரத்தில் இறங்கினால் கத்தியின் வயிறு அடிமண்ணைத் தேய்த்து மெழுகிவிடும். உழுத மண்ணைக் கையால் வாரி ஒதுக்கிப் பாருங்கள். அடி பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஆணிவேர் அந்த மெழுகைத் துளைக்காது. பதினைந்தாம் நாள் செடியைப் பிடுங்கினால் வேர் 6 செ.மீ.-ல் ஒரு மடக்கு மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். மேல்மண் காய்ந்ததும் அந்தச் செடிக்குத் தண்ணீர் கிடையாது.

வைக்கோல்தான் இந்த வேலையில் பெரிய இழுபறி. மிஷின் கொட்டிய வைக்கோல் வரிசை மேல் ரோட்டவேட்டர் போனால் ரோட்டர் சுருட்டிக்கொள்ளும், வட்டும் ஏறி நிற்கும். கட்டு கட்டுகிற பேலர் வர வைக்கோல் ஒன்றிரண்டு நாள் காய வேண்டும். அந்த இரண்டு நாளில் ஈரமும் போகிறது. அறுவடைக்காரரிடமே முன்கூட்டிப் பேசி, தாளைத் தரையிலிருந்து 15, 20 செ.மீ. விட்டு அறுக்கச் சொல்வதும், அறுத்த மறுநாளே பேலருக்கு நாள் வாங்கி வைப்பதும் விதைப்பு வேலையின் பகுதிதான். நிற்கிற தாள் ஒன்றும் செய்யாது. படுத்த வைக்கோல்தான் எதிரி. பேலர் தவறவிட்ட சணல், நைலான் கயிற்றுத் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். ரோட்டரின் முனை பேரிங்கில் சுற்றிய கயிறு ஆயில் சீலை அறுத்து, பக்கக் கியரின் ஆயில் முழுவதையும் வயலில் விட்டுவிடும்.

ஓட்டும்போது

20 மீட்டர் குச்சி நட்டு நேரம் பாருங்கள்: 24 நொடி என்றால் 3 கி.மீ., 29 நொடி என்றால் 2.5 கி.மீ. இந்த இரண்டுக்கும் நடுவே ஓட்டினால் போதும். 3 கி.மீ. வேகத்தில், திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு 80, 85 சென்ட் முடியும். ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) அளவுள்ள துண்டு வயல்களில் திரும்புவதிலேயே பாதி நேரம் போய்விடும். அங்கே 60 சென்ட் எட்டினால் நல்லது.

வண்டி திரும்புகிற வயலின் இரு தலைப்பிலும் மூன்று ஓட்ட அகலம், அதாவது 5 மீட்டர், உழாமல் விட்டு வைத்துக் கடைசியில் விதையுங்கள். திரும்பும் இடத்தில் முதலில் விதைத்தால் டயர் ஏறி இறுகிவிடும். திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். பி.டி.ஓ.வை ரோட்டவேட்டரோடு இணைக்கும் ஜாயின்ட் ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் சுற்றினால் சிலுவை பேரிங் போய்விடும். ஷாஃப்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது கோர்த்து நிற்கிறதா என்று தூக்கிய நிலையிலும் இறக்கிய நிலையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது வண்டி முன்னால் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்ற இடத்தில் இறக்கினாலோ, இறக்கிய நிலையில் ஒரு சாண் பின்னால் வந்தாலோ வட்டுகளுக்கு நடுவே களிமண் செருகிக் குழாய் அடைந்துவிடும். தரைச்சக்கரம் சுற்றத் தொடங்கி விதை மண்ணைத் தொட முக்கால் மீட்டர் ஆகும். அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே இறக்குங்கள்.

விதைக்குழாய் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயாக இருக்கட்டும். தொய்வு இல்லாமல் செங்குத்துக்கு நெருக்கமாக வர வேண்டும். லிஃப்டைத் தூக்கும்போது மடங்குகிற குழாய், இறக்கிய பிறகும் சில சமயம் மடங்கியே நிற்கும்.

பழைய விதைப்பான்களில் பின்னால் பலகை போட்டு ஒருவர் நின்றுகொண்டே குழாய்களைக் கவனிப்பது வழக்கம். இந்த இயந்திரத்தில் அது கூடவே கூடாது. காலுக்குக் கீழே 42 கத்தி சுற்றுகிறது. பார்ப்பவர் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்து வரட்டும். வைக்கோல் எடுக்க இறங்கினால் பி.டி.ஓ. நிறுத்தி, எஞ்சின் நிறுத்தி, சாவி கையில் இருக்க வேண்டும். வேட்டி, துண்டோடு யாரும் ஷாஃப்ட் பக்கம் போகக் கூடாது. ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையும் செயின் மூடியும் இல்லாமல் வயலில் இறக்கவே வேண்டாம்.

தேய்வும் உடைவும்

புதிய ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸ் ஆயிலை முதல் 50 மணிக்குள் ஒரு தடவை மாற்றிவிடுங்கள். பல் உரசிய துகள் அதில் இருக்கும். கத்தி போல்ட்டுகளை முதல் நாள் இரண்டு மணிக்கு ஒரு முறை, பிறகு தினமும் காலையில் முறுக்குங்கள். கத்தியை மாற்றும்போது ஃபிளாஞ்ச் எண்ணையும் இடம், வலம் என்பதையும் பெயின்டில் குறித்த பிறகே கழற்றுங்கள். கத்திகள் ரோட்டரில் திருகுப் படி போல வரிசை பிடித்து நிற்பதால்தான் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்குகின்றன. ஒரு ஃபிளாஞ்சில் இடவலம் மாறினாலும் அதிர்வு கூடி, முதலில் விதைப்பெட்டியின் வெல்டிங் விடும். உண்மையில் முதல் பருவத்தில் உடைந்தது பெட்டித் தாங்கியின் மூலை வெல்டிங்தான். அங்கே முக்கோணத் தகடு வைத்து, பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய டயர் ரப்பர் துண்டு வைத்தபின் நின்றது. பாதுகாப்புப் போல்ட் அறுந்தால் அதே தரத்துப் போல்ட்டைத்தான் போட வேண்டும். கைக்குக் கிடைத்த உறுதியான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை அறுவது கியர் பல்லாக இருக்கும்.

முளைப்பு எண்ணிக்கை

நான்காம், ஐந்தாம் நாள் முளை தெரியும். எட்டாம் நாள் பத்து இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் ஆறு வரிசையையும் ஒரு மீட்டர் எண்ணுங்கள். விழுந்த 12-க்கு 9, 10 நின்றால் நன்று. எண்ணியதை வரிசை வாரியாக எழுதினால் குறை எங்கே என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும். எல்லா இடத்திலும் ஒரே வரிசை குறைந்தால் அந்தக் குழாய் அல்லது உருளை. டயருக்கு நேர் பின்னால் வரும் இரண்டு வரிசை மட்டும் குறைந்தால் டயர் தடம், அந்த இரண்டு ஸ்பிரிங்கை ஒரு துளை இறுக்குங்கள். ஓரிடத்தில் ஆறும் குறைந்தால் மண் பதம் அல்லது வைக்கோல். ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் தரைச்சக்கரம்.

உளுந்தோடு கூடவே வருவது சிந்திய நெல். மேலோட்டமாக உழுவதால் அது ஆழத்துக்குப் போகாமல் முழுக்க முளைத்துவிடும். இந்த முறையின் உண்மையான குறை இது. விதைத்த 15 முதல் 20 நாளுக்குள், நெல் மூன்று நான்கு இலையில் இருக்கும்போது, குவிசலோபாப் எத்தில் 5 சதவீத மருந்தை ஏக்கருக்கு 400 மி.லி. அளவில், மண்ணில் ஈரம் இருக்கும் காலை வேளையில் தெளித்தால் நெல்லும் புல்லும் போகும், உளுந்துக்கு ஒன்றும் ஆகாது. அகன்ற இலைக் களைகள் இதற்குச் சாகாது; அவற்றுக்கு 25, 30 நாளில் ஒரு கைக்களை தேவைப்படும். வரிசை இருப்பதால் வீசி விதைத்த வயலைவிட அந்த வேலை வேகமாக முடியும்.